காம்பில் தொங்கிய புழு

படக்காரன் பொய் சொல்லுகிறவன் இல்லை. உள்ளதைக் கொஞ்சம் அழகாக்கிச் சொல்லுவான், அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்த கதையை அவன் சொன்னால் கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனது யார் என்பது மட்டும் கதையில் வராது. தொழிலும் இந்தக் குணத்துக்குத் தோதாக அமைந்துவிட்டது. பாடப்புத்தகங்களுக்கும், வகுப்பறைச் சுவரில் மாட்டுகிற பெரிய அட்டைகளுக்கும் படம் வரைவதுதான் அவன் பிழைப்பு. அவன் வரைந்த ஆட்டுக்கு இரண்டு கொம்பும் ஒரே அளவில் இருக்கும். அவன் வரைந்த இலையில் ஓட்டை இருக்காது. தெருவில் எல்லோருக்கும் அவன் படக்காரன்தான், அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

அவன் மனைவி நேர் எதிர். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பெட்டிக்குள் ஏறி நின்று ஒரு பார்வை பார்த்தாலே, டிக்கெட் இல்லாதவன் எந்த வரிசையில் தூங்குவதுபோல் நடிக்கிறான் என்று தெரிந்துவிடும் அவளுக்கு. வண்டியில் போனால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வீடு திரும்புவாள். வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, இல்லாத நாட்களின் செய்தியைக் கேட்பாள். அவன் ஆரம்பிப்பான். பாதியிலேயே அவள் கையை உயர்த்துவாள்.

"கண்ணு காது மூக்கெல்லாம் வெச்சது போதும். நடந்தத மட்டும் சொல்லுங்க."

ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. வாலு என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, அவளாகச் சம்பாதித்துக்கொண்டது. நாற்காலி என்றால் ஏறிக் குதிப்பதற்கு, சுவர் என்றால் கிறுக்குவதற்கு, அப்பா என்றால் முதுகில் தொங்குவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

வீடு முதல் மாடியில். கீழே முழுவதும் ஒரு தானியக் கிடங்கு. மேலே கூடம், சமையலறை, படுக்கையறை, பின்னால் ஒரு சின்ன அறை. அந்தப் பின்னறைதான் படக்காரனின் வேலையிடம். ஒரு ஜன்னல், அதன் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதனால் காற்று என்று பெரிதாக எதுவும் வராது. தரையின் மூலையில் பழைய குழாய் ஒன்று கீழே இறங்கிய ஓட்டை. குழாயை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள், ஓட்டையை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. வாலு அதன் வழியாகக் கிரேயான்களைப் போட்டு, தரையில் காதை வைத்துக் கேட்பாள். கிரேயான்கள் தீர்ந்துகொண்டே வரவும் படக்காரன் ஓட்டையின் மேல் ஒரு சின்னக் கம்பளத்தை விரித்துவிட்டான். பார்ப்பதற்கும் நன்றாக இருந்தது. சிமெண்டு வாங்கிக் குழைத்து அடைப்பதைவிடச் சுலபமாகவும் இருந்தது.

மழை தொடங்குகிற சமயத்தில் பதிப்பகத்திலிருந்து பெரிய வேலை ஒன்று வந்தது. பட்டாம்பூச்சியின் வாழ்க்கை, முட்டையிலிருந்து சிறகு வரை, சுவர் அகலத்துக்கு ஓர் அட்டை. வேறு படத்தைப் பார்த்து வரையக்கூடாது, உயிரோடு வளர்த்து, மழைக்காலம் முழுக்கப் பார்த்து வரைய வேண்டும் என்றார்கள். படக்காரனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தொட்டியில் இரண்டு எலுமிச்சைச் செடி வாங்கி வந்தான். சல்லடைத் துணி சுற்றிய மரப்பெட்டி ஒன்றைத் தானே செய்தான். செடிகளைக் கூடத்துப் பலகணியில் வைத்த சில நாட்களிலேயே ஒரு பட்டாம்பூச்சி வந்து, துளிர் ஒவ்வொன்றையும் காலால் தட்டித் தட்டிப் பார்த்து முட்டையிட்டுவிட்டுப் போனது.

முட்டையிருந்த துளிர்களை ஒடித்துப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பின்னறை மேஜைமேல் வைத்தான். முட்டைகள் வெளிர்மஞ்சளில் குண்டூசித் தலை அளவு. பொரிந்து வந்த புழுக்களைப் பார்த்து வாலு மூக்கைச் சுளித்தாள்.

"அப்பா, இது காக்கா எச்சம்."

"அப்படி நினைச்சுட்டுதான் காக்காவும் தின்னாம போயிடும். கெட்டிக்காரப் புழு."

தோலை உரித்து உரித்து வளர்ந்து, கடைசியில் புழு பச்சையாக மாறியது. தோளின் இரண்டு பக்கமும் பொய்க்கண்கள் வேறு. வாலு குச்சியால் மெல்லத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவட்டைபோல் ஒரு கொம்பு வெளியே வந்தது. கூடவே ஒரு வாடை, புளித்த பழத்தோல் வாடை. வாலு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நாள் முழுக்க அதையே செய்தாள்.

அன்றிலிருந்து பின்னறையில் எந்த வாடை வந்தாலும் பழி புழுவின் மேல் விழுந்தது.

மழை பிடித்ததும் கீழே லாரி வந்தது. மூட்டைகள் இறங்கி முடிந்த மாலை, ஆட்கள் கிடங்குக் கதவின் இடுக்குகளில் பழுப்புநிறப் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். படக்காரன் வாலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தான். கிடங்குக்காரர் மரியாதையான மனிதர், குழந்தையைப் பார்த்தால் சட்டைப்பையிலிருந்து மிட்டாய் எடுக்காமல் இருக்கமாட்டார்.

"என்ன சார், கடைக்குப் பார்சல் கட்டுறீங்களா?" என்றான் படக்காரன்.

"மழை வந்தா மூட்டைல வண்டு ஏறிடுது சார். மாத்திரை வெச்சிருக்கோம். அது புகைஞ்சு வண்டெல்லாம் செத்துடும். ரெண்டு நாள் தெறக்க மாட்டோம்." பிறகு மேலே பார்த்துக் கேட்டார். "கிடங்குக்கு நேர் மேல உங்க பின்ரூம்தானே வரும்? அங்க யாரும் படுக்கறதில்லயே?"

"அது என் ஆபீஸ் சார். அங்க தூங்கினா பதிப்பகத்துல சோறு போட மாட்டாங்க."

"வாடை கீடை வந்தா ஜன்னல தெறந்து வெச்சிடுங்க, என்ன?"

"சரி சார், சரி." எதற்கும் சரி என்று தலையாட்டுகிற மனிதன் அவன். படி ஏறி முடிப்பதற்குள் அது மறந்துபோனது.

மறுநாள் பெட்டிக்குள் புழுக்கள் இலை தின்னவில்லை. மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாகக் காம்பைவிட்டு நழுவிப் பெட்டியின் அடியில் விழுந்தன. விறைத்து, பக்கவாட்டில், கால்களைச் சுருட்டிக்கொண்டு. படக்காரன் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம். வாலு அவன் மேஜைக்கு அடியில் விரித்த பாயில் வழக்கம்போல் பகல் தூக்கம் போட்டுவிட்டு எழுந்தாள். எழுந்ததும் வாந்தி எடுத்தாள். சாயங்காலம் மறுபடியும். அறையில் பூண்டும் அழுகின மீனும் கலந்ததுபோல் ஒரு நெடி இருந்தது. செத்த புழு நாறுகிறது என்று நினைத்து அவன் பெட்டியைக் கழுவினான். தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டான்.

தெருமுனை டாக்டரிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபோது, அவள் அவனுடைய தூரிகையைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து நக்கிய பழைய கதையை எடுத்துவிட்டான். அது நடந்தது போன வருடம். ஆனால் நல்ல கதை. வாலுவின் நாக்கு பச்சையாக இருந்ததையும், அவள் தானே புழுவாகிவிட்டதாகச் சொன்னதையும் அவன் நடித்தே காட்டினான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வயிற்றுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் யார்தான் வேறு எதையும் கேட்டிருப்பார்கள்?

மனைவி வந்தபோது குழந்தைக்குச் சரியாகியிருந்தது. நெடியும் போயிருந்தது. செடியில் புதிய முட்டைகள் வந்திருந்தன. புதுப் புழுக்கள் நன்றாகவே வளர்ந்தன, தின்று தின்று இலைகளின் நரம்பை மட்டும் மிச்சம் வைத்தன. படக்காரன் ஒவ்வொரு தோலுரிப்பையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வரைந்தான். புழுவின் எந்த மடிப்பில் எத்தனை புள்ளி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லியிருப்பான்.

பிறகு கீழே அடுத்த லாரி வந்தது. பட்டை ஒட்டினார்கள். மேலே புழுக்கள் மறுபடி செத்தன, எல்லாமே, கூட்டுக்குத் தயாராகி நூல் கட்டிக்கொண்டிருந்த இரண்டு உட்பட. வாலு மறுபடி வாந்தி எடுத்தாள். இந்தத் தடவை வாந்தி நின்ற பிறகும் அவள் குதிக்கவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு என்று பேர் எடுத்த குழந்தை அப்படி உட்கார்ந்தால் எந்தத் தாயும் முதலில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தாய் வண்டியில் இருந்தாள். தகப்பனுக்கு அட்டையைப் பற்றித்தான் கவலை. மழைக்காலம் பாதி போய்விட்டது, ஒரு கூடுகூட வரையவில்லை.

அட்டையைச் சரிபார்ப்பதற்குப் பதிப்பகம் ஒரு பேராசிரியை அம்மாவை அமர்த்தியிருந்தது. பூச்சிகளைப் பற்றிப் படித்தவர். அவருக்குப் போன் போட்டான்.

"செத்த புழுவ போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்."

புழுக்களைக் குப்பையில் கொட்டியாகிவிட்டது. "போட்டோவ விடத் தெளிவா நானே வரைஞ்சு அனுப்பறேன் மேடம்" என்றான்.

வரைய உட்கார்ந்தான். பெட்டியின் அடியில், எச்சத்துக்கும் இலைத்துணுக்குக்கும் நடுவில், பக்கவாட்டில் விழுந்து கிடந்த புழு. அப்படித்தான் முதலில் கோடு போட்டான். பார்ப்பதற்கு நன்றாக இல்லை. தாளில் மேல் பாதி வெறுமையாக இருந்தது. குப்பைக்குள் ஒரு புழுவை வைத்தால் அதன் நிறம் எடுக்காது. அழித்துவிட்டு ஓர் எலுமிச்சைக் கிளை வரைந்தான். கிளையில் மூன்று இலை. காம்பைப் பின்னங்காலால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிற புழு. விறைத்த உடம்பு தொங்கினால் குச்சிபோல் இருக்கும் என்று உடம்பைக் கொஞ்சம் தளர்த்தி வளைத்தான். இப்போது நன்றாக இருந்தது. சோகமாகவும் இருந்தது. அனுப்பிவிட்டான்.

பேராசிரியை உடனே கூப்பிட்டார். "அடடா, உங்க கண்ணே கண்ணு. இவ்வளவு துல்லியமா யாரும் வரைஞ்சு நான் பாத்ததில்ல. இது வைரஸ். தலைகீழா தொங்குது பாருங்க, உடம்பு தளந்து போயிருக்கு, அதுதான் அடையாளம். மருந்து, விஷம் ஏதாவது பட்டிருந்தா இப்படிப் பிடிச்சுத் தொங்காது. வெறைச்சுக் கீழ விழுந்து கெடக்கும்."

படக்காரன் வாயைத் திறந்தான். கீழேதான் கிடந்தது மேடம். மூன்று வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணே கண்ணு என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள், அந்தச் சூட்டோடு, நான் பார்த்ததை வரையவில்லை என்று எப்படிச் சொல்லுவது? தவிர, விழுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தொங்கியும் இருக்கலாமே. இருக்கலாம்தானே? சப்பைக்கட்டு கட்டுவதில் அவனுக்கு ஈடு அவன்தான்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே மேடம்?" என்று மட்டும் கேட்டான். அதைக் கேட்கிற அளவுக்கு அவனுக்கும் உள்ளே எங்கோ உறுத்தியிருக்க வேண்டும்.

"புழுவோட வைரஸ் புழுவுக்குத்தான். மனுஷனுக்கு வராது. பெட்டிய வேற ரூமுக்கு மாத்துங்க, அந்த ரூம நல்லா கழுவி விடுங்க. போதும்."

அப்படித்தான் இடமாற்றம் நடந்தது. பெட்டியும் மேஜையும் கூடத்துக்கு வந்தன, பலகணிக் காற்றுக்கு அருகில். பின்னறை காலியானது. அடுத்த பள்ளி ஆண்டில் வாலு பெரிய வகுப்புக்குப் போகிறாள், தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். படக்காரன் அறையைக் கழுவி, சுவருக்கு வெளிர்நீலம் அடித்து, அதன் மேல் பட்டாம்பூச்சிகளாக வரைந்து தள்ளினான். கழுவும்போது ஜன்னல் அடியில் செத்த எறும்புகள் வரிசையாகக் கிடந்தன. கம்பளத்தின் ஓரத்தில் கரப்பான் இரண்டு, ஒரு பல்லி. எல்லாவற்றையும் பெருக்கி எடுத்துவிட்டுக் கம்பளத்தை மறுபடி அதே இடத்தில் விரித்தான்.

மனைவி வந்து பார்த்தாள். அறையைவிடக் குழந்தையைத்தான் அதிகம் பார்த்தாள்.

"ஏன் இவ இப்படி ஓஞ்சு போயிருக்கா?"

"வளர்ற வயசு. ரூமப் பாரு, எப்படி இருக்கு? நாங்க எல்லாம் கொசுவோட மல்லுக்கட்டறோம், இந்த ரூம்ல ஒரு கொசு இல்ல. ராஜகுமாரி மாதிரி தூங்கலாம்."

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எல்லாம் சொன்னேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். டிக்கெட் இல்லாத பயணி என்று தெரிகிறது, ஆனால் வண்டி நிற்கப் போகிறது, இறங்க வேண்டியவள் அவள். "அடுத்த தடவ வந்ததும் நானே இவளப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். குழந்தையின் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள்.

செடியில் மறுபடி முட்டைகள் வந்தன, கூடத்தில் வளர்ந்த புழுக்கள் ஒன்றுகூடச் சாகவில்லை. பேராசிரியை சொன்னதுதான் சரி என்று படக்காரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு புழு காம்பில் ஏறி, இடுப்பில் பட்டுநூலால் கச்சை கட்டிக்கொண்டு, கூடாக மாறியது. வாலு தினமும் காலையில் வந்து அதன் முன்னால் உட்காருவாள். முன்போல் குச்சியால் தொடுவதில்லை.

"அப்பா, இது வெளிய வந்ததும் என்னை எழுப்பணும். நான் தூங்கினாலும் எழுப்பணும். என் மூக்கு மேல உக்கார வைக்கணும்."

"பின்ன? உன் மூக்குதான் அதுக்கு முதல் பூ."

கூட்டின் தோல் மெலிந்து, உள்ளே சிறகின் கறுப்பும் மஞ்சளும் தெரிந்த நாளில் கீழே லாரி வந்தது. இந்த மழையில் வந்ததிலேயே பெரிய சரக்கு. ஆட்கள் வழக்கத்தைவிட நெருக்கமாகப் பட்டை ஒட்டினார்கள். படக்காரன் பலகணியில் உட்கார்ந்து கூட்டை வரைந்துகொண்டிருந்தான். கிடங்குக்காரர் தெருவிலிருந்து அண்ணாந்து கூப்பிட்டார்.

"சார், மாத்திரை வெச்சாச்சு, இந்தத் தடவ கொஞ்சம் கூடவே. மேல எல்லாம் பழையபடிதானே?"

பென்சிலை எடுக்காமல் படக்காரன் பதில் சொன்னான். "எல்லாம் பழையபடிதான் சார்!"

அன்றைக்கு ராத்திரி பின்னறைக் கட்டிலில் படுத்த வாலு, மழைச்சாரல் உள்ளே வருகிறது என்று ஜன்னலை மூடச் சொன்னாள். மூடினான். அவள் தூங்கியதும் கதவையும் சாத்தினான்.

காலையில் மழை விட்டிருந்தது. படக்காரன் எழுந்து வந்தபோது கூடு பிளந்து, பட்டாம்பூச்சி காலிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சிறகுகள் அவன் கண் முன்னாலேயே விரிந்தன. குழந்தையை எழுப்பத்தான் முதலில் நினைத்தான். பிறகு, சிறகு காயட்டும், முழு அழகோடு காட்டலாம் என்று தோன்றியது. உட்கார்ந்து மூன்று தாள் வரைந்தான். வெயில் பலகணிக்குள் ஏறியது. பட்டாம்பூச்சி சிறகைத் திறந்து மூடத் தொடங்கியது. விரலை நீட்டினான், ஏறிக்கொண்டது. அதன் கால்கள் விரலைப் பிடித்த பிடி அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு பின்னறைக்கு நடந்து, முழங்கையால் கதவைத் தள்ளினான்.

நெடி முகத்தில் அறைந்தது.

"வாலு, யாரு வந்திருக்கா பாரு."

வாலு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையணையின் ஓரம் ஈரமாக இருந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்து விரலை அவள் மூக்கருகே கொண்டுபோனான். பட்டாம்பூச்சி ஒரு தடவை சிறகை விரித்தது. விரித்தபடியே நடுங்கியது. விரலில் இருந்த பிடி விட்டுப்போனது. அது போர்வை மேல் விழுந்தது, பக்கவாட்டில், விறைத்து, கால்களைச் சுருட்டிக்கொண்டு.

படக்காரன் பார்த்தான். இந்தத் தடவை அழிப்பதற்கு ரப்பரும் இல்லை, வரைவதற்குக் கிளையும் இல்லை. வெறைச்சுக் கீழ விழுந்து கெடக்கும் என்ற குரல் காதுக்குள் கேட்டது. எறும்பு, கரப்பான், பல்லி, கம்பளம், பழுப்புப் பட்டை, எல்லாம் பழையபடிதான் சார். ஒரு நொடியில் எல்லாம் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டது. அவன் தன் குழந்தையை விஷத்துக்கு நேர் மேலே படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு, புழுவைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான்.

குழந்தையைத் தூக்கினான். தலை அவன் தோளில் நிற்கவில்லை, பின்னால் சரிந்தது. உதடு வெளுத்திருந்தது. "வாலு! வாலு!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கினான். செருப்பு போட்டானா, கதவைப் பூட்டினானா, எதுவும் தெரியாது. தெருவில் முதலில் வந்த வண்டியின் குறுக்கே போய் நின்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். இளம் டாக்டரம்மா ஒருத்தர் வெளியே வந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி வாந்தி இருந்துச்சா?"

"அப்பப்ப, கொஞ்சம், குழந்தைங்கன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான். வாயை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான், எந்த லாரி வந்த நாளில் எத்தனை தடவை, பச்சை நாக்கு போன வருடத்துக் கதை என்பது, மாத்திரை, பட்டை, தரையில் உள்ள ஓட்டை, எல்லாம். அழகாக்கிச் சொல்ல வாய் போன இடத்தில் நிறுத்தி, உள்ளபடி மறுபடி சொன்னான். டாக்டரம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "ஃபோன் பண்ணி அந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அந்தப் புகைக்கு முறிவு மருந்து கிடையாது என்று பிறகு ஒரு நர்ஸ் சொன்னாள். குழந்தையின் உடம்பே போராடி மீள வேண்டும், கூட நிற்பதுதான் ஆஸ்பத்திரியின் வேலை.

மத்தியானம் போல் மனைவி வந்தாள், கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், நடுவழியில் ஏதோ ஒரு நிலையத்தில் இறங்கி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களோடு கிடந்த மகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நடந்தத மட்டும் சொல்லுங்க."

சொன்னான். புழுவை வரைந்த இடம் வந்தபோது அவள் நிறுத்தினாள்.

"அது தொங்கிச்சா?"

"இல்ல."

"கீழ கெடந்துச்சு."

"ஆமா."

"அந்தம்மா விஷம்னா கீழ விழும்னு சொன்னப்பவும் நீங்க வாயத் தெறக்கல."

"தெறக்கல."

அவள் திட்டுவாள், அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் கையில் இருந்த டிக்கெட் துளைக்கிற கருவியை மூடித் திறந்து, மூடித் திறந்துகொண்டிருந்தாள். 

சாயங்காலம் வாலு கண் திறந்தாள். டாக்டரம்மா இருவரையும் உள்ளே விட்டார், விடுவதற்கு முன் கதவருகே நிறுத்திச் சொன்னார்.

"கண்ணத் தெறந்திருக்கா, நல்லதுதான். ஆனா இதயத்தைத் தாக்கியிருக்கு. துடிப்பு சீரா இல்ல. இந்தப் புகை போனவுடனே விடாது, இன்னும் சில நாளுக்கு நான் எதையும் உறுதியா சொல்ல மாட்டேன். அவள பயமுறுத்தாதீங்க."

தாய் கால்மாட்டில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். படக்காரன் தலைமாட்டில் குனிந்தான். வாலுவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"அப்பா... பட்டாம்பூச்சி வந்துச்சா?"

"வந்துச்சுடா."

"பறந்துச்சா?"

நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. ஜன்னல் வழியாகப் பறந்தது, தெருவைத் தாண்டியது, போகும்போது திரும்பிப் பார்த்தது. இதைவிட நல்ல கதைக்கு இதைவிட நல்ல நேரம் வராது. மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல கண்ணு. விழுந்துடுச்சு."

"எங்க?"

"உன் போர்வை மேல."

"அப்புறம் எழுந்துச்சா?"

"எழுந்திருக்கல."

வாலு யோசித்தாள். யோசிப்பதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு கண்ணை அவன் மேல் வைத்துக் கேட்டாள்.

"நான் எழுந்துட்டேன்லப்பா?"

வாயைத் திறந்தான்.  கட்டிலுக்கு மேலே திரையில் அவள் இதயத்தின் பச்சைக் கோடு ஏறியது, இறங்கியது, ஏற வேண்டிய ஓர் இடத்தில் ஏறாமல் நேராகப் போய், தாமதமாக மறுபடி ஏறியது. படக்காரன் குழந்தையின் கையைப் பிடித்தபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.